முறுக்கு விற்க எத்தனை பேர் பார்க்க வேண்டும்?

"சிறுதொழில் வளர்ச்சியில் சமூக ஊடகத்தின் பங்கு" என்று ஐந்தாம் படிவத்தில் தலைப்புக் கொடுத்தால், வந்து சேரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் பிழிந்தவையாக இருக்கும். சமூக ஊடகம் இலவசம். உலகம் முழுவதும் வாடிக்கையாளர் கிடைப்பார்கள். காணொளி பரவினால் வருமானம் பெருகும். ஆகவே எல்லா வணிகரும் அதைப் பயன்படுத்த வேண்டும். இப்படி எழுதும் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை; நாம் கொடுக்கும் கருத்துப் பட்டியலே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரிகளைக் கொண்டுபோய், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். "யார் சார் இதெல்லாம் எழுதுறது?" என்று கேட்டார்.

அவருடைய அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். கருத்து விளக்கக் கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் தயார் செய்கிறவர்களுக்கு ஒரு பட்டியலைவிட இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எண்பதாயிரம் பார்வை, பதினொரு டப்பா

அவர் என் மாணவர் ஒருவரின் அம்மா. சிரம்பான் பக்கம் ஒரு தாமானில் குடியிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம், நோன்புப் பெருநாளுக்கு முன்னால் ஒரு மாதம் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்பார். மற்ற நாள்களில் தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும். ஒரு டப்பா ரிம 18.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மகன் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்தான். முறுக்குக் குழலில் இருந்து மாவு சுழன்று எண்ணெயில் விழும் காட்சி, மேலே ஒரு சினிமாப் பாட்டு. டிக்டாக்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போனான். மூன்று நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். "சார், அம்மா வீடியோ வைரல் ஆயிருச்சு சார்!" என்று வகுப்புக்கு ஓடி வந்தான்.

"நல்லது. எத்தனை டப்பா வித்துச்சு?"

கொஞ்ச நேரம் தயங்கினான். "பதினொன்னு சார்."

என்ன நடந்தது என்று பிறகு அவன் அம்மாவிடமே கேட்டேன். கருத்துப் பெட்டியில் நூற்றுக்கு மேல் கேள்விகள். கோத்தா கினபாலுவில் இருந்து ஒருவர், ஜொகூர் பாருவில் இருந்து பலர், தமிழ்நாட்டில் இருந்துகூடச் சிலர், "எங்க ஊருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். முறுக்கை அஞ்சலில் அனுப்பினால் பாதி தூளாகத்தான் போய்ச் சேரும். உடையாமல் கட்டி அனுப்பினால் அனுப்பும் செலவே முறுக்கு விலையை எட்டிப் பிடிக்கும். மிச்சப் பேரில் பாதிக்கு மேல் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு?" காணொளியில் விலையும் இல்லை, ஊரும் இல்லை, தொடர்பு எண்ணும் இல்லை. அம்மா அடுப்பு வேலையெல்லாம் முடித்து, இரவு பதினொரு மணிக்குக் கை கழுவிவிட்டுப் பதில் போடும்போது கேட்டவர் வேறு எங்கோ வாங்கிவிட்டிருந்தார்.

அதே வாரம் அவரே புலனத்தில், அதாவது வாட்ஸ்அப் நிலைத்தகவலில், பதினைந்து விநாடிக்கு ஒன்று போட்டார். பாட்டு இல்லை. சாப்பாட்டு மேசையில் டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. அவர் குரல் மட்டும்: "முறுக்கு ரெடி. ஒரு டப்பா பதினெட்டு வெள்ளி. சனிக்கிழமை காலைல வீட்டுக்கு வந்து எடுத்துக்கலாம். இன்னும் இருபத்தஞ்சு டப்பாதான் இருக்கு." பார்த்தவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர். சாயங்காலத்துக்குள் இருபத்தைந்தும் முடிந்துவிட்டன.

எண்பதாயிரத்துக்குப் பதினொன்று, நூற்றுத் தொண்ணூறுக்கு இருபத்தைந்து. இதை விளக்கத் தெரிந்த மாணவருக்கு இந்தத் தலைப்பு புரிந்துவிட்டது என்று பொருள்.

யாருக்குக் காட்டுகிறது?

டிக்டாக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் ஆகியவை உங்களைப் பின்தொடராதவர்களுக்கும் உங்கள் காணொளியைக் கொண்டுபோய்க் காட்டும். முதலில் சிலருக்குக் காட்டும். அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, திரும்பப் பார்த்தார்களா, பிறருக்குப் பகிர்ந்தார்களா என்று கவனிக்கும். பார்த்தால் இன்னும் பலருக்குக் காட்டும். அந்தத் தளங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆள் திரையை விட்டுப் போகக் கூடாது. பார்ப்பவர் சிரம்பானில் இருக்கிறாரா, அவரிடம் பதினெட்டு வெள்ளி இருக்கிறதா என்பது தளத்தின் கவலை இல்லை. மாவு சுழன்று விழும் காட்சி கண்ணுக்கு இதமாக இருந்தது, அதனால் பார்த்தார்கள். வாங்குவதற்காகப் பார்க்கவில்லை.

புலன நிலைத்தகவல் அப்படி அல்ல. எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள் மட்டுமே அதைப் பார்ப்பார்கள். அக்கம் பக்கத்தவர், கோயிலில் பழகியவர், போன ஆண்டு வாங்கியவர். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும் என்பதால் "இன்னிக்கே சொல்லிரணும்" என்ற அவசரமும் கூடவே வருகிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த நூற்றுத் தொண்ணூறு பேர் முந்நூறு ஆவதற்கு வழி அதில் இல்லை. புதியவர் வர வேண்டுமானால் வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகவே எந்தத் தளம் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தத் தளம் எந்த வேலைக்கு என்று கேட்பது நல்லது. புதியவர் கண்ணில் படக் குறுங்காணொளி. பக்கத்து ஊர்க்காரரைச் சேர முகநூலில் உள்ள தாமான் குழுக்கள். தேடி வருபவருக்கு யூடியூப். அங்கே போட்ட காணொளி மூன்று ஆண்டு கழித்தும் தேடுபவர் கையில் கிடைக்கும். குறுங்காணொளிகள் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். வாங்குவதற்கும் மறுபடி வாங்குவதற்கும் புலனம். இந்த வரிசையில் ஓர் இடத்தில் கயிறு அறுந்தாலும் வந்தவர் அப்படியே போய்விடுவார். அந்த மாணவனின் காணொளியில் அறுந்தது முதல் இடத்திலேயே: பார்த்தவரைப் புலனத்துக்குக் கொண்டுவர ஒரு எண்கூட இல்லை.

பணம் கட்டி விளம்பரம் செய்வதையும் இங்கேயே சொல்லிவிடலாம். முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் ஊரைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டு என்று குறிக்க முடியும். சிறு வியாபாரிக்கு எண்பதாயிரம் இலவசப் பார்வையைவிட, பக்கத்தில் இருக்கும் இரண்டாயிரம் பேருக்குச் சில வெள்ளி கொடுத்துக் காட்டுவது லாபமாக அமையலாம். "இலவசம்" என்று எழுதும் மாணவர்கள் இதை யோசிக்க வேண்டும். காணொளி எடுக்கிற நேரம், பதில் போடுகிற நேரம், இணையச் செலவு எல்லாமே கணக்கில் சேர்ந்தவைதான். முறுக்குச் சுடுபவர் ஒரு மணி நேரம் கைப்பேசியைப் பிடித்தால் அந்த ஒரு மணி நேரம் அடுப்பு சும்மா இருக்கும்.

சுங்கை சிப்புட்டை எங்கே சேர்ப்பது?

மாணவர் கட்டுரைகளில் தவறாமல் வரும் எடுத்துக்காட்டு, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பவித்ரா, சுகு தம்பதியர். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். 2020இல் யூடியூபில் சமையல் காணொளி போடத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாடே வீட்டில் உட்கார்ந்து சமைக்கப் பழகிய நேரத்தில் அவர்கள் நாடறிந்தவர்கள் ஆனார்கள்.

இந்த எடுத்துக்காட்டைத் தாராளமாக எழுதலாம். ஆனால் எதற்கு எடுத்துக்காட்டு என்பதில் கவனம் வேண்டும். அவர்கள் சமைத்ததை விற்கவில்லை. காணொளிதான் அங்கே பொருள். விளம்பர வருமானம் பார்வையைப் பொறுத்து வருவது, ஆகவே அங்கே சபாவில் இருந்து பார்த்தாலும் கெடாவில் இருந்து பார்த்தாலும் லாபம்தான். முறுக்கு விற்பவருக்கு அப்படி இல்லை. காணொளியை விற்பது வேறு, காணொளியை வைத்து ஒரு பொருளை விற்பது வேறு. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதுதான் நான் அதிகம் காணும் கருத்துப் பிழை.

அவர்களிடம் கற்க வேண்டியது வேறொன்று இருக்கிறது: மொழி. அவர்கள் மலாயில் பேசினார்கள். அதனால் மலாய்க்காரரும் சீனரும் பார்க்க முடிந்தது. நம் முறுக்குக்கும் இது பொருந்தும். நோன்புப் பெருநாளுக்கு முறுக்கு வாங்கும் மலாய்க் குடும்பங்கள் நிறைய. ஆனால் அவர்கள் தேடும்போது "முறுக்கு" என்று தமிழில் தட்டச்சு செய்ய மாட்டார்கள். "மருக்கு" என்று மலாய் எழுத்துக்கூட்டலில்தான் தேடுவார்கள். காணொளித் தலைப்பில் தமிழோடு அந்தச் சொல்லும் ஊர்ப் பெயரும் இருந்தால் தேடல் பிடித்துக் கொடுக்கும். நம் மொழியில் பேசி, அவர்கள் மொழியில் எழுத்து ஓட விடலாம். பலர் பேருந்திலும் வேலை இடத்திலும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதால் திரையில் ஓடும் எழுத்து எப்படியும் தேவைதான்.

எடுக்கும் விதம்

விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, 9:16 அளவில், சன்னல் வெளிச்சம் பொருள் மேல் விழும்படி எடுத்தால் போதும். சன்னலுக்கு எதிரே நின்று எடுத்தால் முகமும் பொருளும் கறுத்துவிடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், காணொளியில் அது காற்றுப் போல அல்ல, லாரி போலக் கேட்கும். முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் பொருள் தெரிய வேண்டும். "வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று தொடங்கினால் பாதிப் பேர் வணக்கத்திலேயே போய்விடுவார்கள்.

சினிமாப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வணிக நோக்கில் போடும் காணொளியில் உரிமை பெறாத பாட்டைச் சேர்க்கக் கூடாது. ஒலியை நீக்கிவிடுவார்கள், சில வேளை காணொளியையே எடுத்துவிடுவார்கள். டிக்டாக் வணிகக் கணக்குகளுக்கென்றே பயன்படுத்தத்தக்க இசைத் தொகுப்பை வைத்திருக்கிறது. ஆனால் முறுக்குக்குப் பாட்டே வேண்டாம் என்பது என் கருத்து. உடைக்கும்போது வரும் சத்தத்தைவிட எந்தப் பாட்டு முறுக்கை விற்கும்?

என்ன காட்டுவது என்று தெரியாமல் திணறுபவர்களுக்கு ஒரு எளிய வழி: வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த எண்ணெய்? காரம் இருக்கா? எத்தனை நாள் தாங்கும்? ஒரு டப்பாவில் எத்தனை இருக்கும்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காணொளி. கடையில் நேரில் கேட்பதை இங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சேலை விற்பவர்கள் முகநூல் நேரலையில் செய்வதும் இதைத்தான். சேலையை விரித்து, மடிப்பைக் காட்டி, வெளிச்சத்தில் நிறத்தைக் காட்டுகிறார்கள். பார்ப்பவர் எண்ணைத் தட்டியதும் "இது உங்களுக்கு" என்று எடுத்து வைக்கிறார்கள். சேலைக்கு நேரலை சரி, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு, ஒவ்வொன்றுக்கும் கேள்வி வேறு. முறுக்குக்கு நேரலை அவசியமில்லை. எல்லா டப்பாவும் ஒன்றுதான்.

விலையை மறைக்காதீர்கள்

"விலை வேணுமா, பி.எம். பண்ணுங்க" என்பது நம் நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மலாயில் "பி.எம். தெப்பி" என்பார்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடும், பேச்சுக் கொடுத்து விற்றுவிடலாம் என்பது விற்பவரின் கணக்கு. ஆனால் மலேசியாவில் 2012இல் வந்த மின்வணிக விதிமுறைகள் முதலே, இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, கிடைக்கும் காலம் ஆகியவற்றைப் பயனீட்டாளருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். விலையைக் காட்டாமல் தனிச்செய்திக்கு வரச் சொல்வது குற்றம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வியாபாரமாகப் பார்த்தாலும் இது நட்டம். அந்த அம்மா இரவு பதினொரு மணிக்குப் போட்ட பதில்களில் பாதிக்கு மேல் "18 வெள்ளி" என்பதுதான்.

தொழிலைப் பதிவு செய்வதும் இதோடு சேர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் வணிகம் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு ரிம 30, வணிகப் பெயரில் என்றால் ரிம 60. மலாய் வாடிக்கையாளர் ஹலாலா என்று கேட்பார். சான்றிதழ் இல்லாமல் அந்த முத்திரையைக் காணொளியிலோ டப்பாவிலோ போடக் கூடாது. என்னென்ன பொருள் சேர்த்திருக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

சிங்கப்பூர் ஆசிரியர்கள் இங்கே வேறோர் எடுத்துக்காட்டைக் கொடுக்கலாம். அங்கே வீவக வீடுகளில் சிறிய அளவில் பலகாரம் செய்து விற்க இடம் உண்டு. ஆனால் வீட்டு வாசலில் விளம்பரப் பலகை வைக்கக் கூடாது, வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது. பலகை வைக்க முடியாதவருக்குக் கைப்பேசித் திரைதான் பலகை.

ஏமாற்று வேலையும் இருக்கிறது. பணம் போட்டாச்சு என்று திரைப்படம் பிடித்து அனுப்புவார்கள். அதைப் போலியாகச் செய்வது ஒன்றும் கடினமில்லை. வங்கிச் செயலியைத் திறந்து பணம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே டப்பாவைக் கொடுக்க வேண்டும். மலேசியாவில் பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே 997 எண்ணுக்கு அழைக்கலாம்.

அதிகம் வந்தால்

கட்டுரைகளில் யாரும் எழுதாத ஒன்று இது. அந்த அம்மா ஒரு நாளைக்கு இருபது டப்பாவுக்கு மேல் சுட முடியாது. ஒரு அடுப்பு, ஒரு சட்டி, இரண்டு கை. இரண்டாவது காணொளியில் மகன் எல்லாவற்றையும் திருத்தினான்: ஊர், விலை, எண் எல்லாம் இருந்தன. இரண்டு நாளில் தொண்ணூறு டப்பாவுக்கு ஆர்டர் வந்தது. சந்தோஷத்தில் எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாளில் அவசரமாகச் சுட்டது சிவந்துபோனது, சிலது நமுத்தும் போனது. பத்து ஆண்டாக வாங்கிய ஒருவர், "இந்தத் தடவை உங்க கை இல்லையேம்மா" என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

இப்போது அவர் முறையே வேறு. வாரத்துக்கு எண்பது டப்பாதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். புலனத்தின் வணிகச் செயலியில் பொருள் பட்டியல், விரைவுப் பதில், வெளியில் இருக்கும்போது தானாகப் போகும் செய்தி எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றை மகன் அமைத்துக் கொடுத்திருக்கிறான். எண்பது முடிந்ததும் "இந்த வாரம் முடிந்தது, அடுத்த வாரத்துக்குப் பெயர் கொடுக்கலாம்" என்ற பதில் தானாகப் போகிறது. பழைய வாடிக்கையாளருக்கு முதல் நாள், புதியவருக்கு மறுநாள். தேர்வு ஆண்டு என்பதால் மகன் வாரத்துக்கு ஒரு காணொளிதான் எடுக்கிறான். அதையும் சனிக்கிழமை ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுகிறான்.

வகுப்பறைக்கு

சொல்லில் வரும் குழப்பங்கள் இரண்டு. "விளம்பரம்" என்பது பொருளை அறியச் செய்வது. "சந்தைப்படுத்துதல்" என்பது யாருக்கு விற்பது, என்ன விலை, எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதையெல்லாம் உள்ளடக்கியது. மாணவர்கள் இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகிறார்கள். அதுபோலவே "பார்வையாளர்", "பின்தொடர்பவர்", "வாடிக்கையாளர்" ஆகிய மூவரும் வேறு வேறு ஆள்கள். இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு பத்தி எழுத முடியும்.

நான் வகுப்பில் கொடுக்கும் பயிற்சி இது. கீழே உள்ள காணொளிக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

"சுவையோ சுவை! நாவூறும் முறுக்கு! உலகத்தரம்! விலைக்குப் பி.எம். பண்ணவும்!"

சிரம்பானில் இருக்கும் ஒருவர் இதைப் படித்து முறுக்கு வாங்க வேண்டுமானால் அவருக்கு இன்னும் என்னென்ன தெரிய வேண்டும் என்று மாணவர்களைக் குழுவாகப் பட்டியலிடச் சொல்லுங்கள். பிறகு முப்பது சொல்லுக்குள் அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். போன தவணையில் என் வகுப்பில் ஒரு குழு எழுதியது:

"வீட்டு முறுக்கு, சிரம்பான். டப்பா ரிம 18, ஐம்பது முறுக்கு. அரிசி மாவு, உளுந்து, ஓமம். காரம் குறைவு. மூன்று வாரம் தாங்கும். சனி காலை நேரில் எடுக்கலாம். புலனத்தில் பெயர் கொடுங்கள்."

அந்த மாணவனின் அம்மாவிடம் இதைக் காட்டினேன். ஐம்பது என்பதை மட்டும் அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதினார்.